பைக்கின் வாலில் தொங்கும் ஒரு கிலோ

ட்ராக்கில் ஓட்டுவதற்காக பைக்கைத் தயார் செய்கிறவர்கள் கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் தாங்கி என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்களே, எல்லாம் சேர்ந்தே மூன்று நான்கு கிலோதானே வரும், ஓட்டுகிறவர் நான்கு கிலோ இளைத்தால் போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நேர்ப் பாதையில் மட்டும் ஓடுவதென்றால் போதும். பைக் 180 கிலோ, ஆள் 70 கிலோ, மொத்தம் 250. அதில் 4 கிலோ குறைந்தால் அதே இழுவிசைக்கு முடுக்கம் சுமார் 1.6 சதவீதம் கூடும். குறைந்தது பைக்கிலா ஆளிலா என்பதால் நியூட்டனின் இரண்டாம் விதியில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ட்ராக் என்றாலே வளைவுகள். நிமிர்ந்து வரும் பைக்கை ஒரு நொடிக்குள் ஒரு பக்கம் சாய்த்து, அடுத்த நொடியில் மறுபக்கம் புரட்ட வேண்டும். இது சுழற்சி இயக்கம். இங்கே நிறையின் இடத்தில் வந்து உட்காருவது, பள்ளிப் பாடத்தில் படித்த நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்றுவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு. நிறையைத் தூரத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். அந்த இருமடிதான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

பைக்கின் ஈர்ப்பு மையம் பெரும்பாலும் இன்ஜினுக்கு அருகில், பெட்ரோல் டேங்குக்குக் கீழே இருக்கும். டெயில் லைட், பின் இண்டிகேட்டர்கள், நம்பர் பிளேட் தாங்கி மூன்றும் சேர்ந்து 1 கிலோ, அவை மையத்திலிருந்து 0.9 மீட்டர் பின்னால் இருக்கின்றன என்று கொள்வோம். 1 × 0.9 × 0.9 = 0.81. சீட்டுக்கு அடியில் 0.3 மீட்டர் தூரத்தில் இருக்கும் 3 கிலோ பேட்டரிக்கு 3 × 0.3 × 0.3 = 0.27. வாலில் தொங்கும் ஒரு கிலோ, நடுவில் இருக்கும் மூன்று கிலோவைப்போல் மூன்று மடங்கு முரண்டு பிடிக்கிறது. பைக்கின் மூக்கு திரும்புவதற்கும், பிரேக் பிடிக்கும்போது குனிந்து நிமிர்வதற்கும் இந்த நீளவாட்டுத் தூரமே கணக்கு. விலை உயர்ந்த லித்தியம் பேட்டரி வாங்கி 2 கிலோ குறைப்பதற்கு முன்னால், செலவே இல்லாமல் ஒரு ஸ்பேனரால் வாலை மொட்டையாக்குவது கூடுதல் பலன் தரும். அடுத்தது சைலன்சர். தொழிற்சாலையிலிருந்து வரும் 4.5 கிலோ சைலன்சர் 0.6 மீட்டர் பின்னால் தொங்கினால் அதன் பங்கு 1.62. எடை, தூரம் இரண்டும் பெரியவை என்பதால், காசு செலவழிக்கத் தகுந்த முதல் பொருள் அதுதான்.

பக்கவாட்டில் சாய்ப்பதற்கு நீளவாட்டுத் தூரம் பொருட்டில்லை. உயரமும் அகலமும்தான் கணக்கு. இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்து 600 கிராம். அவை மையத்திலிருந்து மேலும் பக்கமுமாகச் சுமார் 0.6 மீட்டர் விலகி நிற்கின்றன. இன்ஜினை ஒட்டி 0.1 மீட்டரில் இருக்கும் 600 கிராமோடு ஒப்பிட்டால் கண்ணாடிகளின் பங்கு 36 மடங்கு. இவ்வளவு சின்னப் பொருள்களை ஏன் கழற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இந்த 36-தான். விழுந்தால் கண்ணாடிச் சில் ட்ராக்கில் சிதறி, பின்னால் வருகிறவரின் டயரைக் கிழிக்கும் என்பது இன்னொரு காரணம்.

சக்கரத்தைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் பைக்கில் ஐந்து கிலோ குறைத்ததற்குச் சமமாம். கணக்குப் போட்டால் இது நிற்காது. சக்கரத்தின் நிறை முன்னோக்கியும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. இரண்டுக்கும் ஆற்றல் வேண்டும். டயரின் வெளி ஆரம் 0.3 மீட்டர், 17 அங்குல ரிம்மின் ஆரம் 0.216 மீட்டர். இரண்டின் விகிதத்தை இருமடியாக்கினால் 0.52. ஆக, ரிம்மில் 1 கிலோ, முடுக்கத்துக்கு 1.52 கிலோவாகத் தெரியும். பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் சுமார் 1.3. டயரின் தரை தொடும் பகுதியில் மட்டும் கிட்டத்தட்ட 2. அதற்கு மேல் போகவே முடியாது.

ஆனாலும் இலேசான ரிம் போட்டவர்கள் பைக் பறக்கிறது என்று சொல்வது பொய்யில்லை. அவர்கள் உணர்வது கைரோஸ்கோப் விளைவை. ஒரு சைக்கிள் சக்கரத்தை அச்சின் இரு முனையிலும் பிடித்து வேகமாகச் சுழலவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கச் சாய்க்க அது தானாக ஒரு பக்கம் திரும்பும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் நொடிக்கு 26 முறைக்கு மேல் சுழல்கிறது. ரிம்மில் உள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் கோண உந்தம் 7.8 அலகு. பைக்கை நொடிக்கு 60 பாகை வீதம் சாய்த்தால், அந்த ஒரு கிலோ மட்டும் ஹேண்டில்பாரில் சுமார் 8 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையைத் தரும். சாயும் பக்கமாகவே சக்கரத்தைத் திருப்பப் பார்க்கும் அதை எதிர்த்து ஓட்டுகிறவர் அழுத்த வேண்டும். ரிம்மில் இரண்டு கிலோ குறைந்தால் 16 நியூட்டன் மீட்டர் மிச்சம். ஒவ்வொரு வளைவிலும், சுற்றுக்குச் சுற்று, கை அதை உணரும். இதை அளக்க ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். சக்கரத்தை ரிம்மின் உள்விளிம்பில் ஒரு கத்திமுனையில் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்தால் கூட்டு ஊசல் (பொருள் முழுவதுமே ஊசலாக ஆடுவது) சமன்பாட்டிலிருந்து நிலைமத் திருப்புத்திறன் கிடைத்துவிடும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இந்தச் சோதனையை இரும்புச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், உண்மையான ஒரு சக்கரம் வாங்கப் பணம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

இனி கழற்றும் வேலை. ஹெட்லைட், ஹார்ன், பின்னிருக்கை, அதன் ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி எல்லாம் நேரடியாகக் கழன்றுவிடும். வயரை வெட்டாதீர்கள், கனெக்டரில் பிரித்து, முனையை இன்சுலேட் செய்து, சட்டத்தோடு கட்டிவிடுங்கள். அவிழ்ந்த முனை சட்டத்தில் உரசினால் ஃபியூஸ் போய், வளைவின் நடுவே இன்ஜின் அணைந்துவிடும். சைடு ஸ்டாண்டும் சென்டர் ஸ்டாண்டும் சாய்வில் தரையில் இடிக்கும் என்பதால் கட்டாயம் போக வேண்டும். சைடு ஸ்டாண்டைக் கழற்றியதும் பல பைக்குகள் கியர் போட்டவுடன் அணைந்துவிடும். ஸ்டாண்டு கீழே இருப்பதாக அதன் சுவிட்ச் சொல்வதே காரணம். கழற்றும் முன்பே மல்டிமீட்டரை வைத்து, ஸ்டாண்டு மேலே மடிந்திருக்கும்போது சுற்று மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் கனெக்டரை இணைத்துவிடலாம், திறந்திருந்தால் அப்படியே விடலாம். சிலவற்றில் உள்ளே மின்தடை இருக்கும். அப்போது அதே மதிப்புள்ள மின்தடையைப் போட வேண்டும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் மாற்ற வேண்டும். அதில் உள்ள கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வழுக்கும், சீக்கிரம் ஆவியாகாது. விழுந்த பைக்கிலிருந்து அது சிந்தினால் பின்னால் வருகிறவர்களும் வரிசையாக விழுவார்கள். இரண்டு முறை அலசிவிட்டு, காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுப்பானும் ஊற்றுங்கள். ஆயில் டிரெயின் போல்ட், ஃபில்லர் மூடி, ஆயில் ஃபில்டர், பிரேக் கேலிப்பர் போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும், அவை தானாகக் கழலாமல் பிடித்துக்கொள்ள, 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் லாக் வயர் வேண்டும். போல்ட் தலையில் 1.5 மி.மீ. துளை போட்டு, இறுகும் திசையில் இழுக்கும்படி முறுக்கிக் கட்ட வேண்டும். தளர்கிற திசையில் கட்டினால் கட்டாததற்குச் சமம்.

எடை வெறியில் சிலர் தொடக்கூடாததையும் தொடுகிறார்கள். முன் மட்கார்டு பல பைக்குகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களையும் தனித்தனியே முறுகாமல் பிணைக்கிறது. ரேடியேட்டரைக் கல்லடியிலிருந்தும் காக்கிறது. செயினும் பின் ஸ்ப்ராக்கெட்டும் சேரும் இடத்தில் விரல் சிக்காமல் தடுக்கும் சின்ன கார்டு, பந்தயங்களில் கட்டாயம். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் ஓட்டத்தைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் இன்ஜின் சூடேறத் தாமதமாகி, ஆயில் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. இன்ஜினுக்குக் காற்று போகும் பெட்டியான ஏர்பாக்ஸைக் கழற்றினால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் கெடும். அச்சிலும் பிரேக் பாகங்களிலும் துளை போட்டு இலேசாக்குவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். துளையின் விளிம்பில் தகைவு குவிந்து, அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

இத்தனையும் கழற்றிய பிறகு பைக்கின் சமநிலை மாறியிருக்கும். பின்பக்கம் 0.6 மீட்டர் தூரத்தில் 8 கிலோ போயிருந்தால், ஓட்டுகிறவரையும் சேர்த்த ஈர்ப்பு மையம் சுமார் 2 செ.மீ. முன்னால் வந்துவிடும். முன்சக்கரம் தரை தொடும் இடத்திலிருந்து 0.70 மீட்டர் பின்னால், 0.65 மீட்டர் உயரத்தில் இருந்த மையம் 0.68-க்கு வந்தால், கடும் பிரேக்கில் பின்சக்கரம் தூக்கும் எல்லை புவியீர்ப்பு முடுக்கத்தின் 1.08 மடங்கிலிருந்து 1.05 மடங்காகக் குறைகிறது. ஸ்டாண்டுகள் தாழ்வாக இருந்த எடை என்பதால், அவை போனதில் மையம் கொஞ்சம் மேலேயும் ஏறியிருக்கும். ஆகவே ஓட்டுகிறவர் முழு உடையில் உட்கார்ந்த நிலையில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று மீண்டும் அளந்து, முன்னால் 30–35, பின்னால் 25–30 மி.மீ. வரும்படி பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) திருத்துங்கள். இலேசான வாலுக்குப் பழைய பின் ஸ்பிரிங் கடினமாகத் தெரிந்தால் பிரீலோடு மட்டும் அதைச் சரிக்கட்டாது. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.