ஆணிகளுக்கு நடுவே ஒரு பித்தளை வில்லை

எப்போதோ மூடப்பட்ட வார்ப்பாலை ஒன்று இருந்த நிலத்தில் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினால், முதல் அடியிலேயே கருவி கத்தத் தொடங்கிவிடும். ஆணி, கம்பி, தகடு, வாஷர், உலைக்கசடு என்று காலடியில் எல்லாமே இரும்பு. உலோகம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு தொழிலாளி வேலைக்கு வந்ததன் அடையாளமாகத் தினமும் வாயில் பலகையிலிருந்து எடுத்துப்போன, எண் பொறித்த பித்தளை வில்லை இந்தக் குப்பையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் தேடுபவரின் கவலை.

டிடெக்டரின் அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கிருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்புகிறது. அவை தாமே ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்க, இரண்டாவது சுருள் அதைப் பிடித்து ஒலியாக்குகிறது. 1831-ல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை.

பக்கத்தில் இருக்கும் இரும்பு தேடலைக் கெடுக்கும் தொல்லையும் பழையதுதான். 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். மெத்தையில் இருந்த எஃகுக் கம்பிகளும் கருவியைக் குழப்பின என்பார்கள்.

இன்றைய கருவி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. திரும்பி வரும் சைகை (சிக்னல்), அனுப்பியதைவிட எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று அளக்கிறது. வெள்ளி, செம்பு போன்ற நல்ல கடத்திகளில் சுழல் மின்னோட்டம் சீக்கிரம் அடங்காது, ஆகவே பின்தங்கல் அதிகம். மெல்லிய தகட்டுத் துண்டில் அது சட்டென்று அடங்கிவிடும். இரும்பு காந்தத்துக்கும் ஆட்படுவதால் அதன் பதில் தனி ரகம். இதை வைத்துத்தான் கருவி பித்தளைக்கு ஓர் ஒலியும் ஆணிக்கு வேறோர் ஒலியும் தருகிறது. ஆனால் துருப்பிடித்த வாஷரிடம் பலரும் ஏமாந்துபோவார்கள். வளைய வடிவத்தில் மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றுவதால், இரும்பே ஆனாலும் வெள்ளியைப் போல உயர்ந்த ஒலி கொடுக்கும்.

உண்மையான சிக்கல் மறைப்பு. பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வில்லை கிடக்கிறது, அதற்கு மேலே விரல் அகலம் தள்ளி ஓர் ஆணி என்று வைத்துக்கொள்வோம். இரும்பை ஒதுக்கச் சொல்லியிருந்தால், ஆணியின் மேல் போனதும் கருவி வாயை மூடிக்கொள்ளும். மறுபடி கேட்கத் தயாராக அதற்கு ஒரு கணம் வேண்டும். அந்த ஒரு கணத்தில் உங்கள் கை வில்லையைக் கடந்துவிடும். எனவே இரும்பொலியையும் சேர்த்துக் கேட்பதே சரி என்பேன். சிறிய காயிலை (சுருள்கள் அடங்கிய அந்த வட்டத் தட்டை) மாட்டிக்கொண்டு மெதுவாக வீசினால், காயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் ஓரிரு பொருள்கள்தான் வரும். சந்தேகமான ஒலி கேட்டால் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். நீளமான ஆணி திசைக்குத் திசை ஒலியை மாற்றும். தட்டையாகக் கிடக்கும் வில்லை எந்தப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

உணர்திறனைக் கூட்டினால் ஆழம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சின்னப் பொருளின் சைகை தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் தேய்கிறது. ஆழம் இரட்டித்தால் சைகை சுமார் 64 மடங்கு சிறுத்துவிடும். கூட்டிய உணர்திறன் இரும்பு நிறைந்த இடத்தில் இரைச்சலைத்தான் முதலில் பெருக்கும். அங்கே அதைக் குறைத்து வைப்பதே மேல்.

மண்ணும் தன் பங்குக்கு ஏமாற்றும். உலையின் சூட்டில் வெந்த மண்ணில் உள்ள இரும்புத் தாதுக்கள் காந்தத்தன்மை மிகுந்த வகைகளாக மாறியிருக்கும். கசட்டிலும் இரும்பு ஆக்சைடு உண்டு. நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் எரிபொருளான கல்கரிகூட, உலோகமே அல்லாதபோதும், மின்சாரத்தைக் கடத்துவதால் ஒலியெழுப்பும். மண்ணின் சைகையைக் கழித்துவிட 'கிரவுண்ட் பேலன்ஸ்' அமைப்பு இருக்கிறது. அதைச் சுத்தமான ஓர் ஓரத்தில் சரிசெய்துவிட்டு, கசட்டு மேட்டுக்கு நகர்ந்ததும் மறுபடி சரிசெய்யவேண்டும். 'பல்ஸ் இண்டக்‌ஷன்' வகைக் கருவி (மின்னோட்டத்தைத் துடிப்புகளாக விட்டுவிட்டு அனுப்புவது) இந்த மண்ணை எளிதாக ஊடுருவும். ஆனால் இரும்பைப் பிரித்தறிவதில் அது பலவீனம் என்பதால் ஆணிக்காட்டில் பெரிதாகக் கைகொடுக்காது.

நில உரிமையாளர் அனுமதிக்காமலும் அந்த நாட்டின் தொல்பொருள் சட்டம் இடம்தராமலும் மண்வெட்டியைத் தொடவே கூடாது. இத்தகைய மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் கல்நாரும் இருக்கலாம். கையுறை கட்டாயம்.

வில்லை கிடைத்துவிட்டால் உடனே தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தச் சுவருக்கு அருகில் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். மண் கரையக் கரைய எண் தெரியவரும். மேலே உள்ள துளையையும் பாருங்கள்: வாயில் பலகையின் ஆணியில் நாள்தோறும் மாட்டிக் கழற்றிய வில்லை என்றால், துளையின் ஒரு விளிம்பு மட்டும் மெலிந்து போயிருக்கும்.