சுகப்பிரசவத்தை 'இயற்கைப் பிரசவம்' ஆக்கியது யார்?

போன மாதம் கர்ப்பிணிகளுக்கான ஒரு கையேடு மெய்ப்புப் பார்க்க வந்தது. மொத்தம் 16 பக்கம். மூன்றாம் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'இயற்கைப் பிரசவத்தின் நன்மைகள்' என்று ஒரு தலைப்பு. ஆங்கில மூலத்தைத் திறந்து பார்த்தால் அங்கே 'நேச்சுரல்' என்ற பேச்சே இல்லை, 'வெஜைனல் பர்த்' என்றுதான் இருக்கிறது, அதாவது பிறப்புவழியாகப் பிள்ளை பெறுவது. மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொல்லைத் தமிழில் எழுதக் கூச்சமாக இருந்திருக்கும், 'இயற்கை' என்று போட்டு மூடிவிட்டார். 22 இடத்தில் அடித்துத் திருத்தினேன். திருத்தி முடித்து டீ குடிக்க வெளியே வந்தால் எதிரே ஒரு மருத்துவமனையின் விளம்பரப் பலகை: 'இயற்கைப் பிரசவத்துக்கு எங்களை அணுகவும்.' சரி, இதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல் சுகப்பிரசவம். சுகம், பிரசவம் இரண்டும் வடமொழி; பிரசவம் என்றால் ஈனுதல். சொற்பிறப்பு அவ்வளவுதான், அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் 'சுகம்' என்பதற்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதில்தான். 'வலியில் துடிக்கிறாள், இதில் என்ன சுகம்?' என்று கேலி செய்யும் படங்கள் வாட்ஸப்பில் சுற்றுகின்றன. இந்தச் சுகம் இன்பம் இல்லை ஐயா. 'வீட்டில் எல்லாரும் சுகமா?' என்று கேட்கிறோமே, அந்தச் சுகம். சுகவீனம், சுகாதாரம் என்பதில் இருக்கும் சுகம். 'காய்ச்சல் சுகமாயிட்டுதா?' என்று இன்றும் கேட்கிற ஊர்கள் உண்டு. நலம் என்பதைத் தாண்டி இதில் ஒன்றும் இல்லை.

என் அப்பத்தாவின் வாயில் இந்தச் சொல் எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். 'ரெண்டு உசிரும் ரெண்டாப் பொழச்சு வந்துருச்சு, சுகப்பிரசவம்.' குழந்தை எந்த வழியாக வந்தது என்ற கேள்வியே அந்த வாக்கியத்தில் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அவர் காலத்து ஊர்நாட்டில் இருந்தது ஒரே வழிதான். சுகப்பிரசவத்துக்கு எதிர்ச்சொல்லாக நின்றது சிசேரியன் இல்லை, சாவு. தாயோ சேயோ இருவருமோ போய்விடுவது. திருக்கருகாவூரில் விளக்கெண்ணெய் வாங்கி வந்து வயிற்றில் தடவியவர்களும், திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டவர்களும் எதைக் கேட்டார்கள்? வழியையா கேட்டார்கள்? இருவரும் பிழைக்கவேண்டும் என்று கேட்டார்கள். தாயுமானவர் கதையே அதுதானே: காவிரியில் வெள்ளம், அக்கரையில் மாட்டிக்கொண்ட அம்மா, இக்கரையில் வலியெடுத்துவிட்ட மகள், அம்மாவின் உருவில் வந்து பக்கத்தில் நின்ற சிவன். பிள்ளை பெறுகிறவள் பக்கத்தில் அவளுக்கு வேண்டிய ஒருவர் நிற்கவேண்டும் என்பது அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியும் அதையேதான் பரிந்துரைக்கிறது: பெண் தானே விரும்பித் தேர்ந்த ஒருவர் கூட இருக்கவேண்டும்.

அப்புறம் மருத்துவமனை வந்தது, கூடவே சிசேரியன் வந்தது. (ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால் இந்தப் பெயர் என்பது கட்டுக்கதை. அவருடைய தாய் அவர் வளர்ந்து படை நடத்தும் காலம்வரை உயிரோடு இருந்தார். அந்தக் காலத்து ரோமில் வயிற்றைக் கீறிய பெண் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. வெட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் என்பதுதான் பொருந்துகிறது.) இரண்டு வழி என்று ஆனதும் மற்றதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, 'நார்மல் டெலிவரி' என்றார்கள். 'நார்மல்' என்பதற்கு அடி லத்தீனில் 'நார்மா', தச்சரின் மூலைமட்டம். மூலைமட்டம் வைத்துப் பார்த்து 'சரியாக நிற்கிறது' என்று சொல்கிற மாதிரி. நாமும் சுகப்பிரசவம் என்ற பழைய சொல்லை எடுத்து இந்த நார்மலுக்கு மாட்டிவிட்டோம். உயிர் பிழைத்ததைச் சொன்ன சொல், வழியைச் சொல்லும் சொல்லாகச் சுருங்கியது அப்போதுதான். முதல் பிழை இது, நம் எல்லாருடைய பிழை. இதன்மேல் கட்டிய இரண்டாம் மாடிதான் 'இயற்கைப் பிரசவம்'.

'நார்மல்' என்பதற்கு மருத்துவத்தில் வரையறை இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. 1996-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: வலி தானாகத் தொடங்கவேண்டும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆபத்து குறைவாக இருக்கவேண்டும், 37 வாரம் முடிந்து 42 வாரத்துக்குள் தலை கீழாக இருக்கும் குழந்தை தானாகப் பிறக்கவேண்டும், பிறந்தபின் தாயும் சேயும் நல்ல நிலையில் இருக்கவேண்டும். அந்தக் கடைசி வரியைப் பாருங்கள், அதுதான் அப்பத்தாவின் சுகம். மற்ற நிபந்தனைகளை வைத்து அளந்தால் நம் ஊர் மருத்துவமனைச் சீட்டுகளில் 'நார்மல்' என்று எழுதியதில் எத்தனை தேறும்?

என் அண்ணன் மகளுக்கு மூன்று வருடத்துக்கு முன் பிரசவம். வலி வரவில்லை என்று மருந்து வைத்தார்கள். மெதுவாகப் போகிறது என்று பனிக்குடத்தை உடைத்துவிட்டு டிரிப் ஏற்றினார்கள். முக்கச் சொல்லிவிட்டு ஒருவர் மேல்வயிற்றில் கையை வைத்து அமுக்கினார். கேட்காமலே பிறப்புவழியின் வாயில் வெட்டினார்கள், தைத்தார்கள். பத்து நாள் அவளால் நேராக உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலையணையை மடித்து வைத்துப் பால் கொடுத்தாள். சீட்டில் 'நார்மல்'. பார்க்க வந்த பெரியம்மா, 'இயற்கையாப் பொறந்துருச்சு, அப்புறம் என்ன?' என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்குச் சிசேரியன், குழந்தை குறுக்கே கிடந்ததாம். நாலாம் நாள் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க வந்தவர்கள் 'சுகப்பிரசவம் ஆகலையாமே' என்று இரங்கல் கேட்பதுபோல் கேட்டார்கள். அந்தப் பெண் ஏதோ தப்புச் செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு உயிரும் நலமாக இருக்கின்றன, சொல் மட்டும் 'ஆகலை' என்கிறது!

மேலே சொன்னதில், எல்லாருக்கும் வழக்கமாக வெட்டித் தைப்பதையும் வயிற்றை அமுக்கித் தள்ளுவதையும் உலக சுகாதார நிறுவனத்தின் அந்த 2018 வழிகாட்டி வேண்டாம் என்கிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிரசவத்தைத் துரிதப்படுத்துவதற்காகப் பனிக்குடத்தை உடைப்பதும் டிரிப் போடுவதும் கூடாது என்கிறது. தேவைப்படும்போது இவற்றில் சில உயிர் காக்கும், அது வேறு. ஆனால் இத்தனையையும் செய்துவிட்டு அதற்கு 'இயற்கை' என்று பெயர் வைத்தால், கேள்வி கேட்கவேண்டிய இடமே காணாமல் போகிறது. 'ஏன் வெட்டினீர்கள்?' என்று இயற்கையிடம் யார் கேட்பது? ஆயுதம் போட்டு எடுத்த குழந்தைகூட நம் பேச்சில் இயற்கைக் கணக்கில் போகிறது.

இன்னொன்று, இயற்கை என்றதும் எதிர்ப்பக்கத்தில் செயற்கை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். செயற்கைப் பிரசவம், செயற்கைத் தாய். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் சொல் சொல்லிவிடுகிறது.

'நேச்சுரல் சைல்ட்பர்த்' என்ற சொல்லைப் பரப்பியவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மருத்துவர், 1933-இல். பயம் இறுக்கத்தைத் தரும், இறுக்கம் வலியைக் கூட்டும், பயத்தைப் போக்கினால் மயக்க மருந்தின் தேவை குறையும் என்பது அவர் கட்சி. அதாவது அது ஒரு கொள்கையின் பெயர். அந்தக் கொள்கையைப் பேசும்போது 'இயற்கைப் பிரசவம்' என்று தாராளமாக எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. டிரிப் போட்ட பிரசவத்துக்கும் வாக்குவம் என்ற உறிஞ்சுகருவி வைத்து இழுத்த பிரசவத்துக்கும் அதே பெயரை ஒட்டாதீர்கள் என்கிறேன்.

இது வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்களுக்கு: 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற முயன்று, ரத்தப்போக்கில் இறந்துபோனார். பள்ளி ஆசிரியை. படிக்காதவர் இல்லை. பாரம்பரிய அரிசி, மரச்செக்கு எண்ணெய் என்று இயற்கை எல்லாம் நல்லது என்று பத்து வருடமாகச் சொல்லிப் பழக்கிவிட்டோம். அந்த வரிசையில் பிரசவத்தையும் கொண்டுபோய் வைத்தது இந்த அடைமொழி. இங்கிலாந்திலும் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். அங்கே செவிலித்தாய்களின் சங்கம் 2005-இல் 'நார்மல் பர்த்' என்று ஓர் இயக்கமே நடத்தியது, 2017-இல் அந்தப் பெயரைக் கைவிட்டது. ஷ்ரூஸ்பரி மருத்துவமனைகளில் நடந்த தாய், சேய் மரணங்களைப் பற்றி 2022-இல் வந்த ஆக்கெண்டன் அறிக்கை, சிசேரியனைக் குறைவாக வைத்திருப்பதே பெருமை என்ற போக்கையும் குற்றம் சாட்டியது.

உடனே ஒருவர் வந்து 'அப்போ சிசேரியனுக்கு வக்காலத்தா?' என்பார். இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் 34.1. நாட்டுச் சராசரியோ 21.5 தான். மக்கள்தொகை அளவில் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு விகிதம் கூடுவதால் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லிவிட்டது. நம் மாநிலத்திலேயே அரசு மருத்துவமனையில் 36, தனியாரில் 63.8. ஒரே ஊர்ப் பெண்களின் இடுப்பெலும்பு கட்டணச் சீட்டைப் பார்த்தா மாறுகிறது? இது கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியை 'இயற்கை' என்ற சொல்லால் கேட்க முடியாது, அது மருத்துவரை விட்டுவிட்டுத் தாயைப் பிடித்துக்கொள்ளும்.

தூய தமிழ் அன்பர்கள் 'இயல்பு மகப்பேறு' என்கிறார்கள். பேறு நல்ல சொல். பெறு என்பதிலிருந்து வந்தது, பாக்கியம் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. மகப்பேறும் பேறுகாலமும் மக்கள் வாயிலும் அரசாணையிலும் ஒருசேர வாழ்கின்றன, அவற்றை முடிந்த இடத்தில் எல்லாம் எழுதவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சிக்கல் 'இயல்பு'. நூற்றில் அறுபத்துச் சொச்சம் சிசேரியன் நடக்கிற தனியார் மருத்துவமனையில் இயல்பு எது? எண்ணிக்கைப்படி சிசேரியன்தான்! ஒரு நண்பர் சுகப்பிரசவத்துக்கு 'நற்பேறு' என்று ஆக்கித் தந்தார். அழகுதான், ஆனால் 'என் மகளுக்கு நற்பேறு' என்றால் லாட்டரி விழுந்ததா என்று கேட்பார்கள்.

என் கட்சி இது. வழியைச் சொல்லவேண்டிய இடத்தில் வழியைச் சொல்லுங்கள்: பிறப்புவழிப் பிரசவம், ஆயுதப் பிரசவம், அறுவைப் பிரசவம் அல்லது எல்லாருக்கும் புரிகிற சிசேரியன். 'ஆபரேஷன்' என்று மட்டும் எழுதாதீர்கள், பல ஊர்களில் அது குடும்பக் கட்டுப்பாட்டைக் குறிக்கும். கூச்சமாக இருந்தால் கைபேசியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கூச்சப்பட்டுவிட்டு வந்து எழுதுங்கள். சுகப்பிரசவத்தைப் பழைய பொருளுக்கே விட்டுவிடுங்கள்: எந்த வழியில் வந்தாலும் தாயும் சேயும் நலம், தாயை யாரும் திட்டவில்லை, செய்வதைச் சொல்லிக் கேட்டுச் செய்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்த அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நடந்தது சுகப்பிரசவம். என் அண்ணன் மகளுக்கு நடந்ததை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கையேட்டில் வேறு கூத்துகளும் இருந்தன. 'சாய்ஸ்' என்பதைத் தமிழாக்கி 'பிரசவத் தேர்வுகள்' என்று ஒரு அத்தியாயம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இதற்கும் தேர்வு எழுதவேண்டுமா என்று எந்தக் கர்ப்பிணியும் மிரள்வாள். இலங்கைத் தமிழர்கள் அழகாகத் 'தெரிவு' என்கிறார்கள், அதை எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்? 'சான்று அடிப்படையிலான பராமரிப்பு' என்று இன்னொன்று. நம் ஊரில் சான்று என்றால் பிறப்புச் சான்று, சாதிச் சான்று. தாலுகா ஆபீஸ் நினைவுதான் வரும். 'ஆய்ந்து நிரூபித்த முறை' என்று எழுதினேன். பராமரிப்பு என்பது மோட்டாருக்கும் கட்டடத்துக்கும் செய்வது, பிள்ளை பெற்றவளுக்குக் கவனிப்பு. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தைக் குறிக்க ஒரு நீளத் தொடர் வேறு, படித்தாலே மூச்சு வாங்கும். 'புனிறு என்கிளவி ஈன்றணிமைப் பொருட்டே' என்று தொல்காப்பியத்தில் இந்த நாட்களுக்கென்றே ஒரு தனிச்சொல் இருக்கிறது. புனிறு இன்று யாருக்கும் புரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பச்சை உடம்பு' எல்லாருக்கும் புரியுமே. 'பச்சை உடம்பில் இருக்கும் ஆறு வாரமும்' என்று எழுதிவைத்தேன்.

நேற்று அச்சான கையேடு தபாலில் வந்தது. பச்சை உடம்பு தப்பித்திருக்கிறது, தெரிவும் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். யாரோ நடுவில் புகுந்து சமரசம் செய்திருக்கிறார்கள்: 'இயற்கையான சுகப்பிரசவத்தின் நன்மைகள்.'