ஒரு சாவுக்கு நாலு இணையதளம்

கோத்தகிரி பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். மூடுபனி விலகாத ஒரு காலையில், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் அம்மா ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். கணவர் இறந்து ஆறு மாதம். "தம்பி, பட்டாவை என் பேருக்கு மாத்தணும். பேரன் ரெண்டு நாளா போன்ல தேடுறான், எங்க இருக்குன்னே தெரியல."

பேரன் மேல் குறை இல்லை. அந்த அம்மாவுக்கு அது ஒரே வேலை. அரசுக் கணக்கில் அது மூன்று துறைகளின் வேலை. இறப்புச் சான்றிதழ், சுகாதாரத் துறையின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்தில். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவைத் தளம். வில்லங்கச் சான்று கேட்டால் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட். பட்டா மாறுதலுக்குத் தமிழ்நிலம். 'கணவர் இறந்துவிட்டார், என்ன செய்ய வேண்டும்' என்று ஒரு பக்கம் இருந்தால் நாலையும் வரிசையாகச் சொல்லிவிடலாம். அப்படி ஒரு பக்கத்தைத்தான் நான் பல வருடமாகத் தேடுகிறேன்.

அதுவரை ஒரு வழி உண்டு. இந்தக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போடுவார் என்று முதலில் கேளுங்கள். தாசில்தார் என்றால் வருவாய்த் துறை. சார்பதிவாளர் என்றால் பதிவுத் துறை. கையெழுத்துத் தெரிந்தால் எந்தத் தளம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மலையில் இன்னொரு சிக்கல். சிட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே வருவது வருவாய்க் கிராமத்தின் பெயர். நீங்கள் குடியிருக்கும் ஹட்டியின், அதாவது மலைச் சிற்றூரின், பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. நிலமே பதிவில் இல்லையோ என்று பயந்து ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய பட்டாவையோ கிரயப் பத்திரத்தையோ எடுத்துப் பாருங்கள், கிராமப் பெயரும் புல எண்ணும் அதில் இருக்கும்.

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால்தான் அரசுத் தளம் என்று நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் இறப்புச் சான்றிதழ் தளம் 'ஓஆர்ஜி' என்று முடிகிறது. 2024 மே 7-இல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தபோது அந்தத் தளமும் அப்படித்தான். அசலே இப்படி இருந்தால் போலியை மக்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இது எனக்கு உண்மையிலேயே வேதனை. கூகுளில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் தளத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பு வழியாக உள்ளே போங்கள்.

கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் மனுப் போடும் முன்பே அலுவலகங்கள் தகவலைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது. ஸ்கேன் செய்த ஆங்கிலச் சுற்றறிக்கை, சிக்னல் விட்டுவிட்டு வரும் மஞ்சூரில் திறப்பதற்குள் பொழுது போய்விடும். குறைதீர் நாளில் இதையும் மனுவாகக் கொடுங்கள்.

அந்த அம்மாவிடம் இறப்புச் சான்றிதழ் இருந்தது. 21 நாளுக்குள் பதிந்திருந்ததால் அதில் தொல்லை இல்லை. அன்றே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். நாலு தளங்களின் பெயரையும் வரிசையாக எழுதி மைய வாசலில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.