கணினிக்கு எதற்கு ஓட்டுநர்?

“பழைய ஓட்டுனரை நீக்கிவிட்டுப் புதிய ஓட்டுனரை நிறுவவும்.” மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில் நடந்த கணினி வகுப்பில் கொடுத்த கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் இந்த வரி இருந்தது. வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை நெடுங்காலம் ஓட்டிய மாமா ஒருவர் அந்த வரியை இருமுறை படித்துவிட்டு, “வாத்தியாரே, பழைய டிரைவர நிப்பாட்டுனா சங்கத்துல கேள்வி கேக்க மாட்டாங்களா?” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ‘டிரைவர்’ என்ற கணினி மென்பொருளுக்குத் தமிழாக வைத்த இதே ஓட்டுநரை முன்பு ஒரு பயிற்சித் தாளிலும், அச்சுப்பொறிப் பெட்டிக்குள் இருந்த ஒரு குறிப்பிலும் கண்டு பொறுத்துக்கொண்டவன் என்பதால், இம்முறை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சொல்லைப் பார்க்குமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். வகுப்பில் இருந்தவை யாரோ கழித்துக் கொடுத்த மேசைக் கணினிகள். 2009இல் வெளிவந்து 2020 ஜனவரி 14ஆம் நாளோடு ஆதரவு முடிந்துபோன பதிப்பு என்று தெரிந்தே, அவற்றின் வயதுக்கு அதுதான் தாங்கும் என்று விண்டோஸ் 7ஐப் புதிதாக ஏற்றினோம். திரை வந்தது, விசைப்பலகை வேலை செய்தது. ஒலி வரவில்லை, இணையக் கம்பியைச் செருகினாலும் அசைவில்லை. சாதனங்களின் பட்டியலைத் திறந்தால் அங்கங்கே மஞ்சள் நிற வியப்புக்குறிகள், சொடுக்கிப் பார்த்தால் குறியீடு 28. அதாவது அந்தச் சாதனத்துக்குரிய டிரைவர் நிறுவப்படவில்லை என்று பொருள். கணினியின் தாய்ப்பலகையில் ஒலிக்குரிய சில்லு இருக்கிறது, அதில் மின்சாரமும் பாய்கிறது. விண்டோஸ் என்ற இயங்குதளத்துக்கும் சில்லுக்கும் இடையில் பேச்சு மட்டும் இல்லை. ‘இந்த ஒலியை எழுப்பு’ என்று இயங்குதளம் பொதுப்படச் சொல்வதை, குறிப்பிட்ட அந்தச் சில்லின் எந்தப் பதிவகத்தில் (எண்ணை ஏற்கும் சிறு அறையில்) எந்த எண்ணை எழுத வேண்டும் என்று மாற்றிச் சொல்கிற மென்பொருள்தான் டிரைவர் எனப்படுவது. சில்லு மாறினால் அதுவும் மாற வேண்டும். 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்டதை 64 பிட் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய ஏற்பாடன்று. ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் விடிகாலைப் பெரட்டில் துரை தம் மொழியில் ஒரு வரி சொல்வார்; அது எழுத்தரான கிராணி வழியாக, ஆட்களை மேற்பார்க்கும் தண்டலுக்கு வந்து, தண்டலின் வாயிலிருந்து இன்னின்னாருக்கு இந்த மர நிரை என்று பிரிந்து போகும். துரைக்கு நிரை தெரியாது, ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவருக்குத் துரையின் மொழி தெரியாது. இரண்டும் தெரிந்த தண்டல் ஒருநாள் வரவில்லையென்றால் மரமும் இருக்கும், கத்தியும் இருக்கும், வாளியில் பால் இராது. குறியீடு 28 என்பது தண்டல் வராத நாள்.

இனிச் சொல். ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ என்ற வினை மிகப் பழையது. முன்னால் தள்ளுவது, ஆடுமாடுகளை விரட்டிக்கொண்டு போவது என்பன அதன் தொடக்கப் பொருள்கள். வண்டியும் பொறியும் பிறகு வந்து சேர்ந்தன. ஒரு பொறியை வேலை செய்ய வைப்பது என்ற பொருளிலிருந்தே கணினித்துறை ‘டிரைவர்’ என்பதை எடுத்துக்கொண்டது. ஆகவே கணினி டிரைவரும் லோரி டிரைவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம். ஆனாலும் வேறு வேறு வீட்டில் வாழ்கிறவர்கள். மொழிபெயர்ப்பாளர் பிறந்த வீட்டை மட்டும் விசாரித்துவிட்டு, இருக்கிற வீட்டை எட்டிப் பார்க்காமல் திரும்பிவிட்டார்.

ஓட்டுநர் என்பதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதையும் சொல்லிவிடுவது நேர்மை. ஓட்டு என்ற வினை வண்டிக்கு மட்டும் உரியதன்று. தையல் மிசின் ஓட்டுகிறோம், படம் ஓட்டுகிறோம், வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்டுகிறோம், கையில் காசில்லாத மாதத்தையும் எப்படியோ ஓட்டிவிடுகிறோம். பொறியை இயங்கச் செய்வதற்கு ஓட்டு என்று சொல்வது தமிழுக்கு ஒவ்வாதது என்று எவரும் வாதாட முடியாது, நானும் வாதாடவில்லை. என் வழக்கு வினைப்பகுதியோடு அன்று, விகுதியோடு.

நர் என்பது ஆளைக் குறிக்கும் விகுதி. பெறுநர், அனுப்புநர், நடத்துநர், இயக்குநர் என எங்கே வந்தாலும் அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாட்டில்தான். ஒரு மென்பொருளுக்கு நர் விகுதி கொடுத்தவர் அந்த முதல் வாசற்படியிலேயே இடறுகிறார். இடறியதன் விளைவு அடுத்த சொல்லில் தெரியும். ஓட்டுநர் நிறுவப்பட்டது என்று எழுதுவதா, நிறுவப்பட்டார் என்று எழுதுவதா? முன்னதில் மனிதருக்கு அஃறிணை முடிபு, பின்னதில் கோப்புக்கு மரியாதைப் பன்மை. கையேட்டிலிருந்து இரண்டு வரிகள்: இரண்டாம் பக்கத்தில் ‘ஓட்டுனர் காலாவதியாகிவிட்டது’, மூன்றாம் பக்கத்தில் ‘ஓட்டுனர் கிடைக்கவில்லையெனில் தேடவும்’. பின்னதைத் தனியே கிழித்து ஒட்டினால் காணாமற்போனவர் அறிவிப்பாகவே படிக்கலாம். றன்னகரம் போட்டு ஓட்டுனர் என்று எழுதியிருப்பது இதற்கு மேல் ஒரு கொசுறு. நர் விகுதிக்குத் தந்நகரம்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் கையேட்டில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள என்னால் ஆகவில்லை.

அப்படியானால் விகுதியை மட்டும் மாற்றி ‘ஓட்டி’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று வகுப்பிலிருந்த தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணினி, செயலி, உலாவி, ஒலிபெருக்கி, மின்தூக்கி என்று கருவிக்கும் மென்பொருளுக்கும் இகர விகுதி நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் நம் நாட்டுச் செய்தித்தாள்களைப் படிப்பவர்களுக்கு ‘வாகனமோட்டி’ என்பது அன்றாடச் சொல். இங்கே ஓட்டி என்றதும் சாலையில் போகிற ஆள்தான் நினைவுக்கு வருகிறார். இலங்கைத் தமிழர் வண்டி ஓட்டுபவரைச் சாரதி என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் அதுவும் தேரைவிட்டு இறங்காது. ‘செலுத்தி’ என்றும் எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. செலுத்து என்றால் கட்டணம் செலுத்துவது என்று பொருள் கொள்ளுமளவுக்குப் படிவங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. கணினியில் செலுத்தி இல்லை என்று திரை சொன்னால், இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் எங்கள் ஊர் கேட்கும்.

செய்யும் வேலையை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதானால், மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளுக்குரிய துபாசி என்பதே மிகப் பொருத்தம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்கும் உள்ளூராருக்கும் நடுவில் நின்ற ஆனந்தரங்கப் பிள்ளை செய்த வேலையும், ஒலிச் சில்லுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் இந்த மென்பொருள் செய்கிற வேலையும் ஒரே இனம். ஆயினும் அது இரு மொழியர் என்று பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது, ஆளையும் குறிப்பது, இன்றைக்கு வழக்கொழிந்ததும்கூட. ஆசைப்பட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டியதுதான்.

எஞ்சுவது ‘இயக்கி’. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. தானே அசையாத ஒன்றை அசையச் செய்வது இயக்குவது, அதைச் செய்யும் பொருள் இயக்கி. தமிழில் கணினியைப் பற்றி எழுதுவோரிடம் இச்சொல் ஏற்கெனவே பரவியிருக்கிறது. ‘இயக்கி நிறுவப்பட்டது’ என்று எழுதினால் திணை வழுவாது. எந்த இயக்கி என்று சுட்ட வேண்டுமானால் ஒலி இயக்கி, திரை இயக்கி, அச்சுப்பொறி இயக்கி என்று முன்னொட்டுச் சேர்த்தால் போதும். மொத்தமாகச் சொல்லச் சாதன இயக்கி என்ற தொடர் இருக்கிறது.

இதற்கு எதிராக எழுப்பப்படும் தடைகளில் ஒன்று சுவையானது. இயக்கி என்பது ஒரு பெண் தெய்வத்தின் பெயர் என்பார்கள். உண்மைதான். சிலப்பதிகாரத்தில் மாதரி என்ற ஆயர் முதுமகள் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில்தான் கண்ணகிக்கும் கோவலனுக்கும் துணையாக வந்த கவுந்தியடிகளைக் கண்டு தொழுகிறாள். தென்தமிழ்நாட்டில் அந்தப் பெயரே இசக்கி என்று வழங்குகிறது. ஆனால் அந்த இயக்கி இயக்கன் என்பதன் பெண்பால், யட்சியின் தமிழ் வடிவம். இந்த இயக்கி இயக்கு என்ற வினையடியாகப் பிறந்தது. எழுத்தளவில் ஒன்றுபட்டதால் ஒரு சொல்லைத் தள்ளிவைப்பதானால், திங்கள் என்பதைக் கிழமைக்கு வைப்பதா நிலவுக்கு வைப்பதா என்று தொடங்கி அகராதியில் பாதியைக் கிழிக்க வேண்டிவரும்.

இரண்டாவது தடைதான் எனக்கு உறுத்துகிறது. சேமிப்பு வட்டுக்குரிய ‘டிரைவ்’ என்பதையும் சிலர் இயக்கி என்றே எழுதிவிடுகிறார்கள். ‘சி இயக்கியில் உள்ள இயக்கியைத் திறக்கவும்’ என்ற வரி இதனால் பிறக்கிறது. படிப்பவர் தலையைச் சொறிவதில் வியப்பில்லை. வட்டுக்கு இயக்ககம் என்ற சொல் இருக்கிறது. அழகில் குறைவுதான், இயக்குநர், இயக்கம், இயங்குதளம் என்ற கூட்டத்துக்குள் அதையும் நெருக்கித் தள்ளியிருக்கிறார்கள்தான். இருப்பினும் இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு அந்தக் ‘ககம்’ உதவுகிறது. பென் டிரைவ் எனப்படும் கையடக்கச் சேமிப்பிக்கு ‘விரலி’ என்று பெயர் வைத்தவரை இந்த இடத்தில் கும்பிடத் தோன்றுகிறது. ஆங்கிலச் சொல்லில் இருந்த டிரைவை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தார், விரலளவு இருந்தது, முடிந்தது வேலை.

பக்கத்து மொழியையும் பார்க்கலாம். மலாயில் வண்டி ஓட்டுபவர் பெமாண்டு. கணினியில் இருப்பது பெமாச்சு. பாச்சு என்றால் குதிரைக்காரன் குதியில் கட்டும் முள். அதனால் குத்தி முடுக்குவது மெமாச்சு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருந்தும், ஆளுக்கு ஒன்று பொருளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். வட்டுக்கும் பெமாச்சு என்றே வைத்த சிக்கல் அவர்களுக்கும் உண்டு. அதைத் தீர்க்கச் சாதனம் என்ற பொருள் தரும் சொல்லைப் பின்னால் சேர்த்து எழுதுகிறார்கள். அரசாங்கப் படிவங்களில் பெமாண்டுவையும் கடையில் பெமாச்சுவையும் கலக்காமல் படிக்கிற அதே ஆள், தமிழ்க் கையேட்டில் மட்டும் ஓட்டுநரிடம் போய் முட்டிக்கொள்கிறார்.

மொழிபெயர்ப்பாளர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மென்பொருள்களைத் தமிழாக்குபவர்களுக்குப் பெரும்பாலும் சொற்பட்டியல்தான் கைக்கு வருகிறது. எந்தத் திரையில், எந்தப் பொத்தானின் மேல் அந்தச் சொல் உட்காரப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் கையேடு எழுதுகிறவருக்கு அந்தச் சாக்கு இல்லை. கணினி அவர் முன்னாலேயே இருக்கிறது. பழைய கணினி ஒன்றில் ஒரே ஒருமுறை இயக்கி தேடியிருந்தால் போதும். இணைய அட்டைக்கு இயக்கி இல்லாததால் இணையத்துக்குப் போக முடியாமல், இணையத்துக்குப் போக முடியாததால் இயக்கியை இறக்க முடியாமல், கடைசியில் வேறொரு கணினியில் இறக்கி விரலியில் போட்டுக் கொண்டுவந்து ஏற்றியிருந்தால், இது வண்டியில் ஏறி உட்காரும் ஆள் அன்று என்பது கைக்கே தெரிந்திருக்கும். தயாரித்தவர் பெயர் தெரியாத சில்லுக்கு அதன் அடையாள எண்ணைப் பார்த்து, அதில் 8086 என்றிருந்தால் இன்டெல் என்று கண்டுகொண்டு, மாதிரியின் எண்ணைக் கொண்டு இயக்கியைத் தேடும் வேலையைக் கையேட்டில் ஒரு வரியும் சொல்லவில்லை; ‘ஓட்டுனரைத் தேடவும்’ என்பதோடு நின்றுவிட்டது. தேடு என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஆள் போய்ச் சேருவது விளம்பரக் குப்பையை ஏற்றிவிடும் ஏதோ ஒரு பக்கத்துக்கு. சொல் தெளிவில்லாத இடத்தில் செய்முறையும் தெளிவில்லாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம், எழுதியவர் அதைச் செய்து பார்க்காததுதான்.

கையேட்டின் என் படியில் ஓட்டுனர் வந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, முதல் வரியை இப்படி மாற்றினேன்: ‘ஒலிச் சில்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய இயக்கியை விரலியில் கொண்டுவந்து நிறுவவும்.’ மாமா அதைப் படித்துவிட்டு, “இது புரியுது. ஆனா எங்க மிசினுக்கு இன்னும் சத்தம் வரலயே” என்றார். அவருடைய கணினியின் ஒலிச் சில்லுக்கு ஏற்ற 64 பிட் இயக்கி இன்னும் அகப்படவில்லை. மேலே ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறோம்: ‘ஒலி இயக்கி தேடப்படுகிறது.’