வீக்கமா, அழற்சியா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்குப் போன மாதம் ரத்தப் பரிசோதனை. சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு கூடியிருந்தது. முடிவோடு தமிழில் ஒரு விளக்கத் தாளும் கொடுத்தார்கள்: ‘உடலில் வீக்கம் இருப்பதைக் காட்டுகிறது.’ அத்தை புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைப் பார்த்தார். வளையலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். “இன்னாடா, எங்கடா வீங்கிக் கீது?”

எங்குமே வீங்கவில்லை. இன்ஃப்ளமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை வீக்கம் என்று எழுதும் வழக்கம்தான் எங்கும் பரவிக் கிடக்கிறது. அதன் லத்தீன் வேருக்குத் தீமூட்டுதல் என்று பொருள். தமிழில் அழல் என்றால் தீ. சுழல், சுழற்சி; அழல், அழற்சி. சொல் பிறந்த கதை அவ்வளவுதான்.

ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முழுமைக்கும் பெயராக வைப்பது என்ன நியாயம்? காசிமேட்டில் இறால் ஆயும்போது கொம்பு குத்திய விரலைப் பாருங்கள். உள்ளே போன கிருமியைத் திசுவில் காவலிருக்கும் பெருவிழுங்கி செல்கள், அதாவது மேக்ரோஃபேஜ்கள், கண்டுகொண்டு சைட்டோகைன்கள் என்ற சேதி சொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. ரத்தக் குழாய் விரிகிறது, விரல் சிவந்து சூடேறுகிறது. குழாய்ச் சுவர் கசிகிறது, அப்புறம்தான் வீக்கம். இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் கல்லீரலை எட்டினால் அது சி.ஆர்.பி.யைச் சுரக்கும். வெளியே ஒரு வீக்கமும் தெரியாமலே இத்தனையும் நடக்கலாம்.

இன்னொரு பக்கம், இதயமோ சிறுநீரகமோ பழுதாகிக் கால் வீங்குகிறதே, அதில் அழற்சியே இருக்க வேண்டியதில்லை. வீக்கத்தை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே எதை எழுதுவது? பணவீக்கத்தைக் குறிக்கும் இன்ஃப்ளேஷன் என்ற ஆங்கிலச் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால் வந்த வினையோ என்றுகூட எனக்குச் சந்தேகம். அந்தச் சொல்லின் வேருக்கு ஊதுதல் என்று பொருள். தீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதே தாள் சைட்டோகைனை ‘உயிரணு நஞ்சு’ என்கிறது. கிரேக்கத்தில் அது செல், இயக்கம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. செல்லுக்குச் செல் சேதி சொல்லும் புரதத்தை நஞ்சாக்க எப்படி மனம் வந்ததோ! தமிழ் தெரியாவிட்டால் சைட்டோகைன் என்றே விட்டிருக்கலாம்.

‘அழற்சி யாருக்குப் புரியும்?’ என்பார்கள். குடல்வால் அழற்சி புரிகிறதே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் ழகரம் நாக்கில் நிற்காது. தாளில் வீக்கத்தை அடித்துவிட்டு அழற்சி என்று எழுதி அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

“அலர்ஜியா? அப்போ இறால் துன்னக் கூடாதா?”