ஜன்னல் மாறாமல் பெட்டி மட்டும் மாறினால் உலாவிக்கு எப்படித் தெரியும்?

பட்டர்வொர்த்தில் கணினித் துறையில் படிக்கும் வாசகி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை போகும் பக்தர்களுக்காக அவரும் நண்பர்களும் ஓர் அகப்பக்கம் செய்கிறார்கள். வலப்பக்கம் இரத ஊர்வலப் பாதையின் வரைபடம், இடப்பக்கம் வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தல்களின் பட்டியல். பட்டியலைத் திறந்தால் வரைபடம் ஒடுங்கிப் பந்தல் பெயர்கள் நசுங்குகின்றன. "ஜன்னல் அளவு மாறினால் மறுபடி வரை என்று எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கே ஜன்னல் மாறவே இல்லையே. ஒரு பெட்டி மட்டும் மாறினால் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. ஜன்னல் மாறாமல் ஒரு பெட்டியின் அளவு மாறுவதற்குக் காரணங்கள் ஏராளம். படம் தாமதமாக வந்து சேரலாம். பக்கத்துப் பெட்டி விரியலாம். மலாயிலிருந்து தமிழுக்கு மொழியை மாற்றியதும் பொத்தான்கள் அகலமாகலாம். தமிழ் எழுத்துரு இறங்கி முடிந்ததும், அதுவரை வேறு எழுத்துருவில் நின்ற வரிகள் நீண்டு ஒரு வரி இரண்டாகலாம். இவை எதற்கும் ஜன்னலின் 'ரீசைஸ்' நிகழ்வு, அதாவது அளவு மாறியது என்று நிரலுக்குச் சொல்லும் அறிவிப்பு, எழாது. அது ஜன்னலை மட்டுமே கவனிக்கிறது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒரு காலத்தில் எந்த உறுப்புக்கும் இந்த நிகழ்வைக் கொடுத்தது. 11ஆம் பதிப்பில் அந்த வசதி போய்விட்டது. மற்ற உலாவிகளில் இருந்தவர்கள் குறுக்கு வழிகளைத் தேடினார்கள். சிலர் நொடிக்குப் பல தடவை அகலத்தை அளந்து பார்த்தார்கள். சிலர் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஐஃபிரேம் ஒன்றை, அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்தை, முழு அகலத்துக்கு வைத்தார்கள். ஐஃபிரேமுக்குச் சொந்த ஜன்னல் உண்டு, அதனால் பெட்டி மாறினால் அதன் 'ரீசைஸ்' எழும். இன்னும் சிலர் மறைவான உருள் பகுதிகளைக் கடைசிவரை உருட்டி வைத்தார்கள். பெட்டி மாறும்போது உருள் நிலை தானாக நகரும், அந்த நகர்வைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் பக்கத்தில் நூறு பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் இந்தச் சாமான்களை அடுக்க வேண்டும்.

அப்புறம்தான் 'ரீசைஸ் அப்சர்வர்' வந்தது. 2018 ஜனவரியில் குரோம் 64, 2019 செப்டம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 69, 2020 மார்ச்சில் சஃபாரி 13.1 என்று ஒவ்வொரு உலாவியாக அதை ஏற்றன. பயன்படுத்துவது எளிது. கவனிப்பான் ஒன்றை உருவாக்கி, "இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்" என்று ஒப்படைத்தால், அளவு மாறும்போதெல்லாம் நாம் எழுதிய செயற்கூற்றை (ஃபங்ஷன்) அது அழைக்கும். கவனிக்கத் தொடங்கியதும் முதல் அளவையும் சொல்லிவிடும், அதனால் தொடக்க வரைதலுக்கென்று தனி நிரல் தேவையில்லை.

எப்போது அழைக்கிறது என்பதுதான் முக்கியம். நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் (60 ஹெர்ட்ஸ்) திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு தடவை வரைவதற்கு, சுமார் 16.7 மில்லிவினாடி. அதற்குள் உலாவி ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். விதிகளைப் பொருத்தி, ஒவ்வொரு பெட்டிக்கும் இடமும் அளவும் கணக்கிட்டு, கடைசியில் திரையில் வரைகிறது. அளவுக் கணக்கு முடிந்த பிறகு, வரைவதற்கு முன்னால், அந்த இடுக்கில் ரீசைஸ் அப்சர்வர் பேசுகிறது. அளவுகள் அப்போது புதிதாகத் தயாராக இருக்கும், எதையும் மறுபடி அளக்க வேண்டியதில்லை. திரை இன்னும் பழையபடியே இருப்பதால், நாம் செய்யும் திருத்தம் இதே ஃபிரேமில் சேர்ந்துவிடும்.

வாசகியின் வரைபடத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. அதை வரைவது கேன்வாஸில், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் வரைவதற்கென்று பக்கத்தில் வைக்கும் பலகையில். கேன்வாஸுக்கு இரண்டு அளவுகள் உண்டு: பக்கத்தில் அது பிடிக்கும் இடம் ஒன்று, அதற்குள் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை இன்னொன்று. இடம் மட்டும் குறுகி, புள்ளிகள் பழைய எண்ணிக்கையிலேயே இருந்தால் படம் நசுங்கும். புள்ளிகளையும் மாற்ற வேண்டும். ஆனால் மாற்றிய அந்தக் கணமே கேன்வாஸ் முழுதும் அழிந்துபோகும்! வரைவதற்கு முன்பே அழைப்பு வருவதால், அழிந்ததை அங்கேயே மறுபடி வரைந்துவிடலாம். பக்தர் கைப்பேசியில் வெற்றுக் கேன்வாஸைப் பார்க்கவே மாட்டார்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அளவு மாறியது என்று உலாவி சொல்கிறது. நாம் பதிலுக்கு எதையோ மாற்றுகிறோம். அதனால் இன்னொரு பெட்டியின் அளவு மாறுகிறது. அதையும் சொல்ல வேண்டும். அதன் பதிலில் முதல் பெட்டியே மறுபடி மாறினால்? முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டு, பக்கம் உறைந்துவிடாதா? ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால் நியாயமான தொடர் மாற்றங்கள் பாதியில் திரைக்கு வந்து துள்ளும். பத்துச் சுற்று என்று வரம்பு வைத்தால், ஏன் பத்து என்பதற்கு யாரிடமும் பதில் இருக்காது.

இதற்கு வகுத்த விதி ஆழத்தை வைத்து இயங்குகிறது. பக்கத்தின் உறுப்புகள் எல்லாம் ஒரு மரம். வேரிலிருந்து எத்தனையாவது படியில் இருக்கிறதோ அதுவே ஓர் உறுப்பின் ஆழம். முதல் சுற்றில், அளவு மாறிய எல்லா உறுப்புகளுக்கும் அறிவிப்பு போகும். அவற்றில் வேருக்கு மிக அருகே இருப்பதன் ஆழத்தை உலாவி குறித்துக்கொள்ளும். பிறகு அளவுகளை மறுபடி கணக்கிடும். அடுத்த சுற்றில், குறித்த ஆழத்தைவிட அதிக ஆழத்தில் இருப்பவற்றுக்கு மட்டுமே அறிவிப்பு. மற்றவை மாறியிருந்தாலும் அடுத்த ஃபிரேம் வரை காத்திருக்க வேண்டும்.

வரைபடப் பெட்டி ஆழம் 4, அதற்குள் இருக்கும் பந்தல் விவர அட்டை ஆழம் 6 என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் திறக்கிறது, இரண்டும் சுருங்குகின்றன, முதல் சுற்றில் இரண்டுக்கும் சொல்லியாகிவிட்டது. குறித்த ஆழம் 4. பெட்டியின் செயற்கூறு உள்ளேயிருக்கும் குறியீட்டு விளக்கத்தை மறைக்கிறது, அதனால் அட்டை கொஞ்சம் விரிகிறது. இரண்டாம் சுற்றில், 6 என்பது 4ஐவிட ஆழம், ஆகவே அட்டைக்கு மறுபடி அறிவிப்பு. குறித்த ஆழம் இப்போது 6. அதற்கும் கீழே எதுவும் மாறவில்லை என்றால் உலாவி திரையை வரைகிறது. பயனர் கண்ணுக்கு இறுதி நிலை மட்டும் தெரிகிறது.

இந்த விதியின் அழகைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கீழ் எல்லை ஒரு படியாவது உள்ளே இறங்கியே தீரும். மரத்துக்கோ முடிவு உண்டு. 30 படி ஆழமுள்ள பக்கத்தில் 30 சுற்றுக்கு மேல் போகவே முடியாது. எண் எதையும் மனம்போன போக்கில் வைக்காமல், மரத்தின் வடிவத்திலிருந்தே வரம்பு கிடைக்கிறது. அதோடு, அகலம் பெரும்பாலும் தாயிடமிருந்து பிள்ளைக்குத்தான் இறங்கும் என்பதால், வழக்கமான மாற்றங்கள் எல்லாம் ஒரே ஃபிரேமில் அடங்கிவிடுகின்றன.

யாராவது தன்னையே ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு புள்ளி அகலமாக்கிக்கொள்ளும் பெட்டியை எழுதினால்? அது முடிவில்லாமல் வளரும், ஆனால் ஒரு ஃபிரேமுக்கு ஒரு தடவை மட்டுமே. நடுவில் பயனர் உருட்டலாம், பொத்தானை அழுத்தலாம். பக்கம் உறையாது.

பின்னுக்குத் தள்ளிய அறிவிப்பு ஏதாவது மிஞ்சினால், 'ரீசைஸ் அப்சர்வர் லூப்' என்று தொடங்கும் பிழைச் செய்தியை உலாவி எழுப்பும். வாசகிக்கும் இது வரத்தான் போகிறது. கேன்வாஸின் உயரத்தை அகலத்துக்கு ஏற்ப மாற்றினால், அதைச் சுமக்கும் பெட்டியின் உயரமும் கூடும். அந்தப் பெட்டியைத்தான் அவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். பெட்டிக்கு சி.எஸ்.எஸ்.-இல் அகல உயர விகிதத்தை நிலையாகக் கொடுத்து, கேன்வாஸை அதற்குள் 'பொசிஷன்: அப்சல்யூட்' என்று தனித்து நிற்கும்படி வைத்துவிட்டால் போதும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைத் தள்ளாது, செய்தியும் வராது.

இந்தச் செய்திக்குப் பலர் செய்யும் வைத்தியத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. செயற்கூற்றை 100 மில்லிவினாடி தாமதிக்கும் ஒரு வரியைச் சேர்க்கிறார்கள், அல்லது பிழைச் செய்தியையே அமுக்கிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "போட்டால் சரியாகிவிடுகிறது" என்பதே பதில். காரணம் கேட்காமல் கட்டிக்கொள்ளும் தாயத்து இது. தாமதித்தால் அந்த இடுக்கை விட்டு வெளியே வந்துவிடுவோம், அதற்குள் நசுங்கிய படம் திரைக்கு வந்துவிட்டிருக்கும். நம் கல்லூரிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் கருவிகளைச் சொல்லிக்கொடுக்கப் பணத்தையும் நேரத்தையும் செலவிடுகின்றன. ஒரு ஃபிரேமுக்குள் என்னென்ன, எந்த வரிசையில் நடக்கிறது என்பதை ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் பல ஆண்டுகளுக்கு உதவும். நான் மேலே சொன்ன ஆழ விதி, படிப்படியாக எழுதப்பட்டு, யாரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் கிடக்கிறது. பினாங்கில் இருக்கும் மாணவரும் உலாவியைக் கட்டும் பொறியாளரும் படிப்பது அதே பக்கத்தைத்தான்.

இரண்டு இடங்களில் ஏமாறாமல் இருங்கள். சி.எஸ்.எஸ். 'டிரான்ஸ்ஃபார்ம்' கொண்டு ஒன்றைப் பெரிதாக்கினால் அறிவிப்பு வராது, ஏனென்றால் அது வரையும்போது செய்யும் மாற்றம், பெட்டியின் கணக்கிட்ட அளவு அப்படியே இருக்கும். வரிக்குள் ஓடும் வெறும் எழுத்துத் துண்டுகளையும் இதனால் கவனிக்க முடியாது.

வாசகியின் பந்தல் பட்டியலுக்கு இது எதுவும் தேவையில்லை. அங்கே இடம் குறைந்தால் எழுத்தைச் சிறிதாக்கி, இரண்டு நெடுவரிசையை ஒன்றாக்கினால் சரி. அதை, பெட்டியின் அளவைப் பார்த்துத் தோற்றத்தை மாற்றும் சி.எஸ்.எஸ்.-இன் 'கன்டெய்னர் குவெரி' பார்த்துக்கொள்ளும். 2022 ஆகஸ்டில் குரோம் 105, அடுத்த மாதமே சஃபாரி 16, 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 110 அதை ஏற்றன. சுற்றிச் சுற்றி வரும் சிக்கல் அங்கேயும் உண்டு, ஆனால் தீர்வு வேறு: உள்ளடக்கம் தன் பெட்டியின் அகலத்தைப் பாதிக்கவே கூடாது என்று முன்கூட்டியே தடை போட்டுவிடுகிறார்கள். கேன்வாஸில் வரைவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும் என்பதால், வரைபடத்துக்கு மட்டும் ரீசைஸ் அப்சர்வரை வைத்துக்கொள்ளலாம்.