மார்க்கர் என்றால் குறியா, குறிப்பானா?

குளச்சலில் இருந்து வந்திருந்த மீன்பிடித் தொழிலாளி ஒருவர், தம் அண்ணனின் பெருங்குடலில் இருந்து அறுத்தெடுத்த கட்டியின் ஆய்வறிக்கையை என் முன் விரித்து, 'சிடி8 பாசிட்டிவ்' என்ற வரியின் மேல் விரலை வைத்தபடி, "சாரே, பாசிட்டிவுன்னு போட்டிருக்கே, அப்ப மத்த இடத்துக்கும் பரவிட்டுதா?" என்று கேட்டார். கொரோனாக் காலம் அந்தச் சொல்லுக்குத் தந்துவிட்டுப் போன பொருள் அது. அந்த வரி உண்மையில் சொன்னதோ, அண்ணனின் உடற்காவல் செல்கள் கட்டிக்குள் நுழைந்திருக்கின்றன என்பதை. ஒரு குடும்பம் இரண்டு இரவு உறங்காமல் கிடந்ததற்கு நோயோடு ஒரு சொல்லும் காரணமாகிவிட்டதால், செல்லின் மேல் உள்ள சிடி8 போன்ற புரதங்களுக்கு வழங்கும் 'இம்யூன் மார்க்கர்' என்ற தொடரைப் பிரித்துப் பார்ப்பது கடமை என்று நினைக்கிறேன்.

'மார்க்' என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு எல்லை என்றும், எல்லையைக் காட்டும் அடையாளம் என்றும் பொருள். தமிழில் இன்று மார்க்கருக்குக் 'குறிப்பான்', 'சுட்டி', 'குறியீடு' ஆகிய மூன்றும் வழங்குகின்றன. குறியீடு என்பது ஒன்றுக்குப் பதிலாக நாமே வைத்துக்கொள்ளும் சின்னம். சுட்டியைக் கணினி எடுத்துக்கொண்டுவிட்டது. குறிப்பான் இலக்கணப்படி பிழையன்று. ஆனாலும் அதன் ஈறு, தானே வேலை செய்யும் ஒரு கருவியை நினைவூட்டுகிறது. இங்கே அந்தப் புரதம் நமக்கு எதையும் குறித்துக் காட்ட முனைவதில்லை. செல்லின் மேல் தன் வேலையாக இருக்கிறது, அதைக் கண்டு செல் இன்னதென்று நாம் அறிகிறோம். வெளுக்க வந்த துணியில் சேராங்கொட்டைச் சாற்றால் இட்ட அழியாத புள்ளியைப் பார்த்து, இது எந்த வீட்டுத் துணி என்று அறிந்துகொண்ட வழக்கத்தில் அந்தப் புள்ளிக்குக் 'குறி' என்றுதான் பெயர். ஆகவே என் தேர்வு குறி.

'இம்யூன்' லத்தீனில் இருந்து வந்தது. வரியில் இருந்தும் ஊர்க்கடமையில் இருந்தும் விலக்குப் பெற்றவரைக் குறித்த சொல், பின்னர் நோயில் இருந்து விலக்குப் பெற்ற உடலுக்கு ஆகியது. தமிழ் அந்த உருவகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பாடநூல்களில் 'நோய்த்தடைகாப்பு' இருக்கிறது, மக்கள் நாவிலோ 'நோயெதிர்ப்பு' இருக்கிறது. நோயாளியின் வீட்டுக்குப் போகும் தாளில் 'நோயெதிர்ப்புக் குறி' என்று எழுதுவதே நல்லது.

சிடி என்னும் எழுத்துகள், வெள்ளணுக்களின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளுக்கு ஒரே பெயர்முறை வேண்டும் என்று 1982-இல் பாரீசில் கூடிய அறிஞர்கள் வகுத்த வரிசையைச் சேர்ந்தவை. சிடி3, டி செல்கள் என்னும் வெள்ளணு வகை அனைத்துக்கும் பொதுவான குறி. சிடி8 பெரும்பாலும் அவற்றுள் கெட்ட செல்லைக் கொல்லும் வகைக்கு உரியது. கட்டியை மெழுகில் பதித்து, மயிரிழையை விடப் பலமடங்கு மெல்லிய சீவலாக எடுத்து, அந்தக் குறியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை ஊற்றிச் சாயம் ஏற்றும்போது, நீல நிறக் கருக்களுக்கு நடுவே குறி உள்ள செல்கள் மட்டும் பழுப்பு வளையங்களாகத் தெரியும். அறிக்கையின் 'பாசிட்டிவ்' என்பதற்கு 'சாயம் ஏற்றது' என்பதே நேர்ப்பொருள். அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இத்தகைய அறிக்கைகளில் வரும் 'எக்ஸ்பிரஷன்' என்பதும் லத்தீனில் பிழிந்து வெளிக்கொணர்தல். மரபணுவில் உறைந்திருப்பது புரதமாக வெளிவருவதற்கு 'வெளிப்பாடு' முற்றிலும் பொருந்துகிறது.

பெருங்குடல், மலக்குடல் புற்றில் இந்தக் குறிகளின் மதிப்பை உறுதியாகக் காட்டியது, பிரான்சின் ஜெரோம் கலோன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு. எந்த வகைச் செல், எவ்வளவு நெருக்கமாக, எந்த இடத்தில் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நோயின் போக்கு தெரிகிறது என்றது அது. கட்டியின் நடுப்பகுதி, கட்டி நல்ல திசுவுக்குள் ஊடுருவும் விளிம்பு ஆகிய இரண்டு இடங்களிலும் சிடி3, சிடி8 செல்களை எண்ணித் தரும் மதிப்பெண்ணை, 13 நாடுகளைச் சேர்ந்த 2600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2018-இல் வெளிவந்தது. மதிப்பெண் உயர்ந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது குறைவாக இருந்தது. இரண்டு இடம் எதற்கு என்று கேட்ட குளச்சல்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோயில் கோபுரத்தையோ தேவாலய உச்சியையோ மட்டும் பார்த்துப் பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடிக்க முடியாது, பின்னால் மலை முகட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பது அவர் சிறுவயதில் கற்றது.

குறள் 949 மருத்துவன் கருத வேண்டியவற்றுள் 'உற்றான் அளவும் பிணியளவும்' என்று இரண்டைத் தனித்தனியே வைக்கிறது. கட்டி எவ்வளவு ஆழம், எத்தனை நெறிக்கட்டு என்று நிலை வகுப்பது பிணியின் அளவு. நோயெதிர்ப்புக் குறிகளை எண்ணுவது உற்றவனின் அளவு.

'புரோக்னோசிஸ்' கிரேக்கத்தில் முன்னறிதல். தமிழில் 'முன்கணிப்பு' நிலைத்துவிட்டது, நிலைக்கட்டும். ஆனால் குறி என்ற சொல்லோடு அது சேரும் இடத்தில் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் குறி சொல்லுதல் என்பதற்கு நம்மிடையே வேறொரு பொருள் இருக்கிறது. இது பலரைப் பார்த்துப் பெற்ற வாய்ப்புக் கணக்கு. ஒருவருடைய நாளை எண்ணிச் சொல்வது அன்று. எல்லாக் குறியும் ஒரே திசையில் பேசுவதும் இல்லை: பிடி-எல்1 டி செல்லை அடக்கும் புரதம், அது புற்றுச் செல்லில் வெளிப்படுவதையும் சூழ்ந்த காவல் செல்லில் வெளிப்படுவதையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

அவருடைய அறிக்கையின் ஓரத்தில் 'நோயெதிர்ப்புக் குறி சிடி8, சாயம் ஏற்றது' என்று பென்சிலால் எழுதி, மற்றதை மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். அவர் அதை இருமுறை வாய்விட்டுப் படித்தபின் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.